டேப் தீர்ந்த இடத்தில் சித்தி சொன்னது

1.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் கற்பனையில் உதித்ததல்ல, ஓசியில் கிடைத்தது. பத்திரிகை ஆசிரியர் போன் செய்து, "எப்பப் பார்த்தாலும் யாராவது செத்துப்போற கதையாவே தர்றீங்க. இந்தத் தடவையாவது சிரிக்கிற மாதிரி ஏதாவது எழுதுங்களேன்" என்றார். "எழுதிட்டா போச்சு" என்று நானும் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். அதன் பிறகு எனக்குச் சிரிப்பு என்ற ஒன்றே மறந்துபோய்விட்டது.

அந்த வாரம்தான் சித்தி கூப்பிட்டாள். என் அம்மாவின் தங்கை. "சனிக்கிழமை சாயங்காலம் வாடா. வீட்டைக் காலி பண்றதுக்கு முன்னாடி பழைய டேப்பெல்லாம் ஒரு தடவை போட்டுக் கேட்டுடலாம்."

சித்தப்பா போன பிறகு சித்தி தனியாகத்தான் இருக்கிறாள். வேறு ஊரில் இருக்கும் மகள் வீட்டுக்கு நிரந்தரமாகப் போய்விடுவது என்று முடிவாகி, லாரிக்கும் சொல்லியாகிவிட்டது. அடுத்த மாதம் முதல் ஞாயிறு. இந்தத் தேதியை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

தொடக்கம் ஒன்று: "மாலை வெயில் ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே புகுந்து, பழைய டேப் ரெக்கார்டரின் மேல் மெல்லப் படர்ந்து..." (விட்டுவிட்டேன். வெயிலில் ஆரம்பிக்கிற கதைகளை நானே மூடிவைத்துவிடுவேன். தவிர, அன்று மேகமூட்டம்.)

தொடக்கம் இரண்டு: "ஒலி என்பதுதான் என்ன? கண்ணுக்குத் தெரியாத..." (ஆசிரியர் சிரிக்கச் சொன்னார், கொட்டாவி விடச் சொல்லவில்லை.)

தொடக்கம் மூன்று: "என் சித்திக்கு இரண்டு கணவர்கள்."

இதை எழுதியதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இந்த வரியைப் படித்த வாசகர் கீழே வைக்க மாட்டார். ஆனால் சொந்தக்காரர்கள் என்னை நடமாட விடமாட்டார்கள் என்பதால் உடனே விளக்கிவிடுகிறேன். ஒருவர் வீட்டில், இன்னொருவர் வானொலியில்.

2.

வானொலிக் கணவரை நாங்கள் எல்லோரும் இருமல் சார் என்றுதான் சொல்வோம். காரணம் பிறகு வரும். சித்தியும் அவரும் "இந்த வாரமும் சண்டை" என்ற நாடகத் தொடரில் பல வருஷம் கணவன் மனைவியாகக் குடித்தனம் நடத்தினார்கள். ஒற்றை அறை வாடகை வீடு, ஓட்டைக் குழாய், சம்பளத்துக்குப் பிடிவாதமாக முந்திவரும் விருந்தாளிகள். எல்லாமே ஒரே ஒரு மைக்கின் முன்னால். ஒருவர் காலையில் என்ன சாப்பிட்டார் என்பது மற்றவருக்குத் தெரிகிற நெருக்கத்தில், எதிரும் புதிருமாக நின்றுகொண்டு சண்டை போடுவார்கள். சிவப்பு விளக்கு அணைந்ததும், "நல்லா வந்துதுங்க மேடம்", "நீங்களும் சார்" என்று சொல்லிவிட்டு ஆளுக்கொரு பஸ் பிடிப்பார்கள்.

அவ்வளவுதானா என்று கேட்பீர்கள். நானும் கேட்டுப் பார்த்தேன். அவ்வளவுதான். இதில் வேறு ஏதாவது இருந்திருந்தால் இந்நேரம் நாவலே எழுதியிருப்பேன்.

அடுத்து, சித்தியின் மகள். எனக்குத் தங்கை. பல் டாக்டர். நீங்கள் எவ்வளவு உருக்கமாகப் பேசினாலும் அவள் கண் உங்கள் கடைவாய்ப் பல்லில்தான் இருக்கும். அம்மாவுக்காகத் தன் வீட்டில் ஓர் அறையைத் தயார் செய்து, ஜன்னலுக்கு அவளே திரை தைத்து மாட்டியிருக்கிறாள். கதையில் ஒரு வில்லி இருந்தால் சௌகரியமாக இருக்கும் என்று அவளை அந்தப் பக்கம் தள்ளிப் பார்த்தேன். திரை தைத்த பெண்ணை வில்லியாக்க எனக்குத் திறமை போதவில்லை.

இருமல் சார் விஷயத்தில்தான் எனக்குச் சந்தேகம். கதாபாத்திரம் என்ற அளவில் அவர் ரொம்ப நல்லவராக வருகிறார். மனைவியை இழந்தவர், மாடி வீட்டில் தனியாக இருப்பவர், மாதம் ஒரு தடவை சித்தியைப் பார்க்க வந்து செய்தித்தாளில் வந்ததையெல்லாம் பேசிவிட்டு, பேச வந்ததைப் பேசாமல் போகிறவர். இப்படிப்பட்டவரை வாசகர் நம்புவாரா? ஏதாவது ஒரு கெட்ட பழக்கம் கொடுத்தாக வேண்டும்.

(கிடைத்தது. அடுத்தவர் தட்டிலிருந்து பிஸ்கட்டை எடுத்துத் தின்பார். தெரியாமல் அல்ல, பேச்சு சுவாரஸ்யத்தில். அன்று என் தட்டில் இருந்ததை ஒன்றுகூட நான் சாப்பிடவில்லை. தலைக்குப் போட்ட சாயம் சட்டைக் காலரில் ஒட்டியிருந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.)

3.

சனிக்கிழமை மாலை. கூடத்தில் பாதி சாமான்கள் அட்டைப்பெட்டிக்குள் போய்விட்டன. சோபாவை விற்றாகிவிட்டதால் சித்தியும் இருமல் சாரும் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். நான் பாத்திரப் பெட்டியின் மேல். ஊரிலிருந்து வந்திருந்த தங்கை தரையில் மண்டியிட்டு, டேப் ரெக்கார்டரின் கதவைத் திறந்து, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு உள்ளே துடைத்துக்கொண்டிருந்தாள். சின்ன டார்ச் அடித்துப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் திறங்க" என்றாள், பழக்கதோஷத்தில்.

அந்த டேப்புகள் எல்லாம் சித்தப்பாவின் கைவண்ணம். நாடகம் ஒலிபரப்பாகும் நேரத்தில் வீட்டில் ரேடியோ பக்கத்தில் இந்த ரெக்கார்டரை வைத்து, மனைவி இன்னொருவருக்கு மனைவியாகப் பேசுவதை வாராவாரம் பக்தியோடு பதிவு செய்திருக்கிறார். (இந்த மனிதரைப் பற்றியே தனியாக ஒரு கதை எழுதலாம். எழுதினால் அதிலும் சாவு வரும். ஆசிரியர் கோபிப்பார்.)

முதல் டேப்பைப் போட்டதும் கரகரப்பு. பிறகு, யாரும் எதிர்பாராமல், சித்தப்பாவின் குரல். மிக அருகில், கிசுகிசுப்பாக.

"பாப்பா, சத்தம் போடாதே. அம்மா வரப்போறா."

அதற்குப் பதிலாக ஒரு குழந்தை "எங்க?" என்றது.

"இந்தப் பெட்டிக்குள்ள."

தங்கையின் கையில் பஞ்சு அப்படியே நின்றது. அந்தக் குழந்தை அவள்தான். அவள் அழுவாள் என்று நினைத்தேன். "என்னண்ணா, அப்போ எனக்கு முன்பல்லே இல்ல போல. காத்துதான் வருது" என்று சொல்லிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். சித்தி மட்டும் நேராக டேப் ரெக்கார்டரையே பார்த்து, "வந்துட்டேன்" என்று மெதுவாகச் சொன்னாள்.

முதலில் வந்தது ஒரு துப்பறியும் நாடகம். இதைக் கேட்கத்தான் இருமல் சார் வெட்கத்தோடு காத்திருந்தார். இதில் அவருக்குப் பிணம் வேஷம். வசனம் கிடையாது. ஆள் குறைவு என்பதால், கீழே விழுகிற சத்தத்துக்கு மட்டும் அவரை நிறுத்திவைத்திருந்தார்கள். தடாலென்று விழுந்தார். டாக்டர் வந்து நாடி பிடித்து, "உயிர் போய் ஒரு மணி நேரம் ஆச்சு" என்றார். ஒரு கனத்த அமைதி. அந்த அமைதியில் பிணம் இருமியது.

கேட்டுக்கொண்டிருந்த நாங்கள் மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். இருமல் சார் என் தட்டிலிருந்து பிஸ்கட்டை எடுத்தார்.

"தரையில தூசி. நான் என்ன பண்ணட்டும்?" என்றார்.

டேப்பில் அடுத்து வந்தது சித்தியின் குரல். கொலையானவரின் தங்கையாக, ஒரு நொடியும் தாமதிக்காமல்: "டாக்டர், நல்லாப் பாருங்க. அண்ணனுக்கு உயிர் இருக்கு."

அது நேரடி ஒலிபரப்பு. திருத்த முடியாது, நிறுத்த முடியாது. மைக் உயிரோடு இருக்கும்போது மௌனம் விழக் கூடாது. எதிரில் நிற்பவர் தடுமாறினால் வாயில் வந்ததைச் சொல்லிக் காப்பாற்ற வேண்டும். இதுதான் அவர்கள் தொழிலின் முதல் விதி. சித்தி காப்பாற்றினாள். அதனால் கொலை வழக்கு கொலை முயற்சி வழக்காகி, எழுதியவர் தலையில் அடித்துக்கொண்டு மீதி வாரங்கள் முழுவதையும் மாற்றி எழுதினார். பிணத்துக்கு வசனம் வந்தது. அவருக்குப் பெயரும் வந்தது.*

* எழுத்துக்காரன் என்ற முறையில் ஒரு பொறாமையை இங்கே பதிவு செய்கிறேன். எங்களுக்கு மௌனம் என்றால் மூன்று புள்ளி. வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடலாம். அவர்களுக்கு மௌனம் என்றால் ஊரே ரேடியோ கெட்டுப்போய்விட்டதென்று அதன் தலையில் தட்ட ஆரம்பித்துவிடும்.

4.

பிறகு "இந்த வாரமும் சண்டை". இங்கேதான் கதை இருக்கிறது. கவனமாக எழுதப் பார்க்கிறேன்.

அந்த வாரச் சண்டை கொஞ்சம் பெரியது. மனைவி பெட்டி கட்டிவிட்டாள். துணிகளை உதறி மடிக்கும் சத்தம், பெட்டியின் தாழ் மாட்டுகிற சத்தம். கணவன் கெஞ்சுகிறான், மிரட்டுகிறான், தலைவலி என்கிறான். "நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன். இனிமே நீங்களாச்சு, உங்க ஓட்டைக் குழாயாச்சு" என்கிறாள் அவள். காலடிச் சத்தம் கதவை நெருங்குகிறது. கணவன் சொல்கிறான்: "கொஞ்சம் நில்லு. போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்."

டேப் தீர்ந்துவிட்டது. சித்தப்பா அந்தப் பக்கம் திருப்பிப் போடுவதற்குள் நாடகமும் முடிந்திருக்க வேண்டும். மறுபக்கத்தில் ஏதோ வினாடி வினா ஓடியது.

"அப்புறம் என்ன சொன்னீங்க?" என்று தங்கை ஒலியைக் குறைத்துவிட்டு இருமல் சாரைக் கேட்டாள்.

"யாருக்கும்மா ஞாபகம்? நான் படிச்சு முடிச்ச தாளை அப்பப்பவே கீழ நழுவ விட்டுடுவேன். தாளோட வசனமும் போயிடும்."

எல்லோரும் சித்தியைப் பார்த்தோம். சித்தி டீ கிளாஸைக் கீழே வைத்தாள். நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள், நடுவில் ஒரு மைக் வைக்கிற இடைவெளி விட்டு. "எங்க, இப்பச் சொல்லுங்க பார்ப்போம்" என்றாள். பிறகு அந்த நாடக மனைவியின் குரலில், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு: "என்ன சொல்லணும்? சீக்கிரம் சொல்லுங்க. எனக்கு வண்டிக்கு நேரமாச்சு."

இருமல் சாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார். குரலில் பல வருஷம் குறைந்திருந்தது.

"போகாதே."

"போகாம? இங்க உட்கார்ந்து உங்க குழாயை அடைச்சுக்கிட்டு இருக்கவா?"

"இல்ல. என் வீட்டு மாடியில ரெண்டு ரூம் சும்மா கிடக்கு. ஒண்ணுல காலையில வெயில் வரும், இன்னொண்ணுல சாயங்காலம் வரும். உனக்கு எது பிடிக்குதோ எடுத்துக்கோ. தண்ணித் தொட்டி அடிக்கடி நிரம்பி வழியும். அதுக்கு மட்டும் சண்டை போடக் கூடாது. மத்தபடி நீ எது பேசினாலும் கேக்கறதுக்கு எனக்கு இஷ்டம்தான். நீ பேசாத வீடு ரேடியோ இல்லாத வீடு மாதிரி இருக்கு."

நாடகக் கணவனுக்கு மாடி கிடையாது. ஒற்றை அறை வாடகை வீடு என்று முன்பே சொல்லியிருக்கிறேன். மாடியில் இரண்டு அறையும் வழிகிற தொட்டியும் உள்ள வீடு யாருடையது என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். தங்கை பஞ்சைக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். நான் என் காலியான தட்டைப் பார்த்தேன். சொன்னவருக்கே தான் என்ன சொன்னோம் என்பது அப்போதுதான் உறைத்தது போலிருக்கிறது. வாய் லேசாகத் திறந்தபடி நின்றுவிட்டது. அடுத்த வார்த்தை வரவில்லை. கூடத்தில் டேப் ரெக்கார்டரின் மோட்டார் சத்தம் மட்டும்தான்.

மௌனம் விழுந்தது.

"சரி" என்றாள் சித்தி.

அதே நாடக மனைவியின் குரல். "ஆனா தண்ணி மோட்டாரை நான்தான் போடுவேன். ஓடிப்போய் நிறுத்தறது உங்க வேலை."

சொல்லிவிட்டு, நாடகம் முடிந்தது என்பதற்கான கைஜாடை காட்டினாள். தங்கை கைதட்டினாள். கைதட்டும்போதே, இதற்குக் கைதட்டலாமா கூடாதா என்று தெரியாமல் பாதியில் நிறுத்தினாள். இருமல் சார் எழுந்து, "நல்லா வந்துதுங்க மேடம்" என்றார். "நீங்களும் சார்" என்றாள் சித்தி. அவர் போய்விட்டார். குடையை மறந்து வைத்துவிட்டுப் போனார்.

5.

இப்போது என் கஷ்டம் உங்களுக்குப் புரிந்திருக்கும். சித்தி அந்த "சரி"யை அவருக்குச் சொன்னாளா, அல்லது தடுமாறி நின்ற சக நடிகரை, பிணத்தைக் காப்பாற்றியது போலவே, காப்பாற்றினாளா?

மறுநாள் இருமல் சாரே போன் செய்தார். குடையைப் பற்றி ஆரம்பித்து, மழையைப் பற்றிப் பேசி, தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டார்.

"தம்பி, உங்க சித்தி நேத்து... அது நிஜமாத்தானா? இல்ல, நான் முழிச்சதைப் பார்த்துக் காப்பாத்திவிட்டாங்களா?"

"நீங்களே கேட்டுடுங்களேன் சார்."

"ஒரு தடவை நாடகத்துல மறைஞ்சுக்கிட்டு கேட்டுட்டேன். நேர்ல கேக்கற தைரியம் இருந்தா அப்பவே நேர்ல கேட்டிருக்க மாட்டேனா?" இரண்டு தடவை இருமினார். பிறகு, "அவங்க இல்லைன்னு சொன்னாலும் தாங்கிக்குவேன் தம்பி. தொழில் மரியாதைக்காகச் சொன்ன சரியை நான் நிஜம்னு எடுத்துக்கிட்டு நின்னா, அதைத்தான் தாங்க முடியாது" என்றார்.

அவரைக் கதாபாத்திரமாகச் சந்தேகப்பட்டதை அந்த நிமிஷமே விட்டுவிட்டேன். எழுத உட்கார்ந்தேன்.

முடிவு அ: லாரி வருகிறது. சித்தி மகள் வீட்டுக்குப் போகிறாள். புதிய திரை காற்றில்... (ஆடுகிறது. ஆடட்டும். இது சோகம். ஆசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார்.)

முடிவு ஆ: லாரி வருகிறது. மாடி வீட்டின் முன்னால் நிற்கிறது. எல்லோரும் சிரிக்கிறார்கள். (இதற்கு நான் ஆசைப்படுகிறேன். ஆனால் சித்தியின் வாழ்க்கையில் எனக்குப் பிடித்ததை எழுதிவிட்டு அதற்குச் சம்பளமும் வாங்கிக்கொள்ள நான் யார்?)

முடிவு இ: லாரி பழுதாகி நடுவழியில்... (வேண்டாம். லாரி பழுதாகிறதென்றால் எழுத்தாளன் பழுதாகிவிட்டான் என்று அர்த்தம்.)

தங்கையிடம் கேட்டேன். அவள் ஊருக்குத் திரும்பியிருந்தாள். "அம்மா குரல் ஒவ்வொண்ணும் நிஜம் மாதிரிதான் இருக்கும். எனக்கே தெரியலண்ணா" என்றாள். பிறகு, "இங்க வந்தா எனக்குச் சந்தோஷம். அங்க போறதுன்னாலும் ஒண்ணும் இல்ல. ஜன்னல் அளவு மட்டும் கேட்டுச் சொல்லு. திரையைப் பிரிச்சுத் தைச்சுக்கலாம்" என்றாள்.

6.

வேறு வழியில்லாமல், இதுவரை நீங்கள் படித்ததை எடுத்துக்கொண்டு சித்தி வீட்டுக்குப் போய் வாசித்துக் காட்டினேன். சித்தி கண்ணாடி டம்ளர்களைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக்கொண்டே கேட்டாள். பிணம் இருமிய இடத்தில் சிரித்தாள். சித்தப்பா குரல் வந்த இடத்தில், "அதை எடுத்துடாதே, இருக்கட்டும்" என்றாள். "சரி" வந்த இடத்தில் அதே டம்ளரின் மேல் இன்னொரு தாளைச் சுற்றினாள்.

"அந்த சரி நாடகமா சித்தி, நிஜமா?"

"ஏண்டா, அந்த எபிசோட்ல அவ சரின்னு சொல்லவே மாட்டாளே."

"என்னது?"

"'இனிமே உங்க மூஞ்சியிலேயே முழிக்க மாட்டேன்'னு சொல்லிட்டு பெட்டியைத் தூக்கிக்கிட்டுப் போயிடுவா. கதவு சாத்துற சத்தம். அதோட முடிஞ்சுது. அடுத்த வாரம்தான் திரும்பி வருவா."

"உங்களுக்கு ஞாபகம் இருந்துதா?"

"அவர் தாளைக் கீழ போட்டுக்கிட்டே போவாரு. எப்ப எங்க தடுமாறுவாருன்னு தெரியாது. ரெண்டு பேர் வசனத்தையும் நான்தானே மனப்பாடம் பண்ணிவெச்சிருந்தேன். இன்னைக்கு எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்." அடுத்த டம்ளரை எடுத்தாள். "அவரைக் காப்பாத்தணும்னா அந்த வசனத்தைச் சொன்னாலே போதுமே. தயாரா இருந்துது."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எழுந்து ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தேன். "இதை அவர்கிட்ட சொல்லிடட்டுமா?"

"நீ போய்ச் சொல்லக் கூடாது. நானும் சொல்ல மாட்டேன். நேரடி ஒலிபரப்புல ஒரு தடவை சொன்னா சொன்னதுதான். கேட்டவருக்குத்தான் காது இருக்கணும்."

"அப்ப லாரி?"

"லாரி வரட்டும். எப்படியும் இந்த வீட்டைக் காலி பண்ணித்தானே ஆகணும்."

சொன்னபோது சித்தியின் காது சிவந்திருந்தது. இந்த வயதில் ஒருவருக்குக் காது சிவக்கும் என்பதை நான் அன்றுதான் பார்த்தேன். பார்த்ததில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

"சொல்லக் கூடாது. சரி. எழுதலாமா?"

சித்தி டம்ளரைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு என்னை நன்றாகப் பார்த்தாள். "எழுதறது உன் பிழைப்பு. அதுல நான் எதுக்கு மூக்கை நுழைக்கப் போறேன்?" என்றாள். பிறகு, "எந்தத் தேதி வெளியாகும்?" என்று கேட்டாள்.

ஆசிரியரிடம் விசாரித்துச் சொன்னேன். லாரி வருவதற்கு முந்தைய வெள்ளி.

7.

ஆகவே வாசகர்களே, முடிவை உங்களிடம் விட்டுவிடுவதுதான் இந்த மாதிரிக் கதைகளில் வழக்கம். நானும் அப்படித்தான் செய்யப்போகிறேன், ஒரு சின்னத் திருத்தத்தோடு. உங்கள் எல்லோரிடமும் அல்ல. உங்களில் ஒருவரிடம்.

அவர் என் கதை வருகிற பத்திரிகையைக் கடை திறந்ததும் வாங்கிவிடுவார். வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து சத்தம் போட்டு வாசிப்பார். குரல்களை மாற்றி மாற்றி வாசிப்பார். பிடிக்காத இடத்தில் இருமுவார். மத்தியானம் போன் செய்து எந்தெந்த இடம் என்று சொல்லுவார்.

சார், இன்று மத்தியானம் எனக்குப் போன் செய்ய வேண்டாம்.

ஆறாம் பகுதியை அவசரமாக வாசித்திருந்தால், திரும்பப் போய்ச் சித்தியின் குரலில் ஒரு தடவை நிதானமாக வாசியுங்கள். அந்த நாடகத்தில் அவள் கதவைச் சாத்திவிட்டுப் போய்விடுகிறாள். நீங்கள் அந்தத் தாளைக் கீழே போட்டுவிட்டீர்கள். "சரி" என்பதை எழுதியவர் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. சித்தி சொன்னாள்.

இன்று வெள்ளி. லாரிக்காரரிடம் எந்த முகவரி கொடுப்பது என்பதை நான் எழுதப்போவதில்லை. சித்தி வீட்டில்தான் இருக்கிறாள். போன் எந்தப் பெட்டிக்குள் போனதென்று அவளுக்கே தெரியாது. நேரில் போக வேண்டியிருக்கும். ஜன்னல் அளவையும் எடுத்துக்கொண்டு போங்கள், தங்கை கேட்டாள்.

மற்றவர்கள் தயவுசெய்து மாடிப்படியில் கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்கள். ஒரு செருப்பு கிடைத்துவிட்டது, இன்னொன்றைத் தேடிக்கொண்டிருக்கிறார்.